மதிலுக்கு உள்ளே, மதிலுக்கு வெளியே

பிரான்ஸின் போர்தோவில் தரப் பட்டம் வீட்டுக்கு, பர்கண்டியில் மண்ணுக்கு, ஜெர்மனியில் பழத்தின் கனிவுக்கு, ஸ்பெயினின் ரியோஹாவில் பீப்பாயில் கழிந்த காலத்துக்கு. ஒயின் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளைப் பார்த்து விழிக்கிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பிரெஞ்சு தெரியாதே, ஜெர்மன் தெரியாதே என்று மலைக்க வேண்டாம். ஒயினுக்குத் தரம் குறித்தவர்கள் எதை அளந்து குறித்தார்கள் என்று தெரிந்தால் பாதி லேபிள் புரிந்துவிடும்.

நம் ஊரில் ஒயின் என்ற சொல்லுக்கே ஒரு சோதனை. ‘ஒயின் ஷாப்’ என்று பலகை மாட்டி பிராந்தியும் ரம்மும் விற்றுப் பழகிவிட்டதால், ஒயினும் காய்ச்சி வடித்த சரக்குதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒயினில் காய்ச்சுவதும் கிடையாது, வடிப்பதும் கிடையாது. பழத்தை நசுக்கி வைத்தால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது; பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதம். கருந்திராட்சையிலும் அநேகமாகச் சாறு வெளிறியதுதான். தோலோடு ஊறவிட்டால் சிவப்பு ஒயின். கொட்டைப்பாக்கு மென்றதுபோல் ஈறைப் பிடிக்கிற துவர்ப்பும் அந்தத் தோலும் விதையும் தருவதுதான். நமக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்றும் சொல்ல முடியாது. 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா ஜாடிச் சில்லுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த தேறல் சங்கப் பாட்டிலும் வருகிறது.

முதலில் போர்தோ. 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக அங்குள்ள சிறந்த ஒயின்களை வரிசைப்படுத்தச் சொன்னபோது, அந்த வேலை கடைசியில் தரகர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதற்கென்று அவர்கள் போட்டி வைத்து, சுவைத்து, மதிப்பெண் போடவில்லை. எந்தத் தோட்டத்துச் சரக்கு வருடக்கணக்கில் என்ன விலைக்குப் போகிறது என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. அதையே ஐந்து படிகளாக அடுக்கிக் கொடுத்துவிட்டார்கள். சிவப்பு ஒயினில் முதல் படியில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என நான்கு. இரண்டாம் படியில் இருந்த மூத்தோன்-ரோத்ஷீல்ட் நெடுங்காலம் போராடி 1973-இல் மேலே ஏறியது. அந்த வரிசையில் வேறு பெரிய மாற்றம் இல்லை. பட்டம் ‘ஷத்தோ’ என்கிற பண்ணைவீட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதே ஊர் எல்லைக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தால், நேற்றுவரை பட்டமில்லாத அந்த மண்ணும் பட்டத்துக்குள் வந்துவிடும். கபெர்னே சோவின்யோன், மெர்லோ எனப் பல வகைப் பழங்களைக் கலப்பது அந்த ஊர் வழக்கம். ஒன்று ஒரு வருடம் ஏமாற்றினால் மற்றது தாங்கும். அன்றாடம் குடிப்பவருக்கு இந்த 1855 பட்டியல் எட்டாத விலை. அதில் இல்லாத சிறு ஷத்தோக்களிடம்தான் நமக்கு வேலை.

என் மனம் கிடப்பது பர்கண்டியில். அங்கே உயர்ந்த சிவப்பு என்றால் பினோ நுவார் ஒன்றே. வெள்ளை என்றால் ஷார்தொனே. பழம் ஒன்றேயாகிவிட்டதால் வித்தியாசம் முழுக்க நிலத்திலிருந்து வந்தாக வேண்டும். இதைக் கண்டுகொண்டவர்கள் சிஸ்டெர்சியன் துறவிகள். 12-ஆம் நூற்றாண்டிலிருந்து கொடி நட்டு, மண் பார்த்து, எந்த மூலையில் முதலில் பழுக்கிறது, எங்கே நீர் தேங்குகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார்கள். அப்படிப் பிரிந்த துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர். அவற்றைக் ‘கிளிமா’ என்கிறார்கள். 2015-இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. படிகள் நான்கு: வட்டாரத்தின் பெயர், ஊரின் பெயர், பிரமியே குரூ, எல்லாவற்றுக்கும் மேலே கிராண்ட் குரூ.

அந்தத் துறவிகள் மதில் கட்டி வளைத்த தோட்டம்தான் குளோ த வூஷோ. ஏறக்குறைய 50 ஹெக்டேர். சாலையிலிருந்து பார்த்தால் இடுப்பைத் தாண்டாத கல்மதில், இடுக்குகளில் பாசி, உள்ளே சரிவில் ஏறிப்போகும் கொடி வரிசைகள். மேட்டுப் பக்கம் சுண்ணாம்புக்கல் மண், தண்ணீர் நிற்காது. கீழே சாலையோரம் கனத்த களி. மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கிறது. மதிலுக்குள் அகப்பட்ட இரண்டுக்கும் சட்டப்படி ஒரே பட்டம், கிராண்ட் குரூ. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்திடமிருந்து பறிக்கப்பட்ட தோட்டம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலருக்கு விற்கப்பட்டது. பங்காளிகள் பாகம் பிரித்ததுபோல மேலும் பிரிந்து, இன்று 80-க்கு மேற்பட்டவர்களுக்கு அதில் நிலம் இருக்கிறது. சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டும். ஒரே பெயரில் அத்தனை கைகள் ஒயின் செய்கின்றன. அதனால் பர்கண்டியில் மண்ணின் பெயரை மட்டும் படித்துவிட்டுப் பணத்தை எண்ணாதீர்கள். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் விவசாயியின் பெயரையும் படியுங்கள். கவனமில்லாத கை கெடுத்த கிராண்ட் குரூவைவிட, நல்ல கை செய்த வெறும் ஊர்ப்பெயர் ஒயின் பல மடங்கு மேல். இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன்.

இந்த ஊர்ப்பெயர்களுக்குச் சட்டக் காவல் வந்தது பிற்பாடுதான். கொடிவேரைத் தின்னும் ஃபிலோக்செரா பூச்சி 1860-களில் தொடங்கிப் பிரான்ஸின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்மேல் ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். இடையில் பஞ்சம், பஞ்சத்தின் பின்னால் கலப்படம். ஷத்தோநெஃப்-து-பாப் என்னும் ஊரின் விவசாயிகள் 1923-இல் பாரோன் லெ ருவா தலைமையில் தங்களுக்கே விதி வகுத்துக்கொண்டார்கள்: இந்த எல்லை, இந்தப் பழங்கள், இவ்வளவுக்குக் குறையாத ஆல்கஹால். 1935-இல் அது நாடு தழுவிய சட்டமானது. சட்டக் காவல் பெற்ற ஊர்ப்பெயரைக் குறிக்கும் ‘அப்பெலாசியோன்’ என்ற சொல் லேபிளில் நிற்பதன் பின்னால் இவ்வளவு கண்ணீர் இருக்கிறது.

ஜெர்மனியின் கவலை வேறு. குளிர்நாட்டில் பழம் பழுப்பதே பாக்கியம். ஆகவே 1971 சட்டம் பறிக்கும்போது சாற்றிலிருந்த சர்க்கரையை அளந்தே படி வைத்தது: கபினெட், அதற்குமேல் ‘பிந்திய அறுவடை’ என்று பொருள்படும் ஷ்பெட்லேசே, அதற்கும்மேல் ‘பொறுக்கி எடுத்தது’ என்னும் அவுஸ்லேசே. இனிப்பை வைத்து மட்டும் உயர்வு தாழ்வு சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அங்கேயே சிறந்த தோட்டக்காரர்கள் பலர் நிலத்தின் பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் நம் சாப்பாட்டுக்கு ஒரு ஒயின் சொல்லுங்கள் என்றால், மோசெல் ஆற்றங்கரைச் சிலேட்டுப் பாறைச் சரிவில் விளைந்த ரீஸ்லிங் கபினெட்டைத்தான் சொல்வேன். ஆல்கஹால் குறைவு, இலேசான இனிப்பு, அதைத் தூக்கி நிறுத்தும் எலுமிச்சைப் புளிப்பு. மிளகு போட்டு வறுத்த மீனோடு குடித்துப் பாருங்கள். காரத்தோடு துவர்ப்பான சிவப்பு சேர்ந்தால் வாய் எரியும், இது ஆற்றும்.

ரியோஹாவில் கணக்கு எளிது. சிவப்பில் கிரியான்சா என்றால் இரண்டு வருடம் கழித்து வருவது, ரெசெர்வா மூன்று, கிரான் ரெசெர்வா ஐந்து. அந்தக் காலத்தில் ஒரு பகுதி ஓக் பீப்பாயில் கழிய வேண்டும். பாட்டிலை வருடக்கணக்கில் வைத்துக் காக்க நம் வீடுகளில் நிலவறை ஏது? நமக்காக அவர்களே காத்திருந்து அனுப்புகிறார்கள். தொடங்குகிறவருக்கு ரெசெர்வாவைப்போல நியாயமான விலையில் முதிர்ச்சியைக் காட்டும் ஒயின் குறைவு.

இந்தப் படிகளை மீறி வந்த பெருமையும் உண்டு. இத்தாலியில் சசிக்காயா என்ற ஒயின், விதிக்கு உட்படாத பிரெஞ்சுப் பழத்தில் செய்யப்பட்டதால், வெறும் ‘மேசை ஒயின்’ என்ற கடைசிப் படியில் நின்றே உலகப் புகழ் பெற்றது. சட்டம்தான் பிறகு அதற்கு இடம் ஒதுக்கியது. 1976-இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்களே பெயர் மறைத்துச் சுவைத்தபோது, வெள்ளையிலும் சிவப்பிலும் கலிஃபோர்னியா முதலிடம் பெற்றது. தர வரிசைகளை மதிக்கிறேன். அவற்றின் எல்லையையும் மறக்கக் கூடாது.

வீட்டுக்கு வருவோம். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலை’யில் குடிக்கச் சொன்னது ஐரோப்பாவின் பழைய கல்வீடுகளை வைத்து, 16, 18 டிகிரி. சென்னையில் மேசைமேல் இருந்த பாட்டிலை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மணம் தங்க இடம் வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கை கெடுத்திருக்கிறது. ஒருமுறை அப்படி வந்த பாட்டிலை, எனக்குத்தான் ருசி தெரியவில்லை என்று நினைத்து முழுக்கக் குடித்துத் தீர்த்தேன். கடையில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

வூஷோவில் ஒரு விவசாயியின் நிலவறைக்குப் போயிருந்தேன். நீளக் கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்து, இரண்டு கிண்ணங்களில் விட்டார். ஒன்று மதிலுக்கு வெளியே விளைந்து ஊர்ப் பெயரில் விற்பது. மற்றது உள்ளே அவருக்கிருந்த சில வரிசைகளிலிருந்து. முதலாவது உடனே செர்ரிப் பழமாக மணத்தது. இரண்டாவது மூடிக்கொண்டிருந்தது, கையின் சூட்டில் வெகுநேரம் வைத்திருந்த பிறகு புது மழை விழுந்த மண் வாசனை மெல்ல எழுந்து, விழுங்கிய பின்னும் போகவில்லை. கிளம்பும்போது, இன்று இரவுச் சாப்பாட்டுக்கு எதை எடுப்பீர்கள் என்று கேட்டேன். முதல் பீப்பாயைத் தட்டிக் காட்டினார்.