தேயாமலே சாகும் டயர்

டயர் வாங்குவது பற்றி வழங்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே கணக்கில் அடங்கும். விலை என்ன? எத்தனை கிலோமீட்டர் ஓடும்? முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிலோமீட்டருக்கு இவ்வளவு செலவு என்று வந்துவிடும். எது குறைவோ அதுவே மலிவு. வாடகைக் காருக்கும் லாரிக்கும் இது நல்ல கணக்குதான். ஆனால் பழங்காலக் கார் ஒன்றை ஆசையோடு பாதுகாத்து வருபவருக்கும் இதையே சொல்கிறார்களே, அது சரியா?

வோக்ஸ்வாகன் பீட்டிலை எடுத்துக்கொள்வோம். வண்டு வடிவில், எஞ்சினைப் பின்புறம் வைத்துக்கொண்டு ஓடும் ஜெர்மானியக் கார் அது. 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு, கடைசி வண்டி 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் பியூப்லா நகரில் வெளிவந்தது. இன்று இதை வைத்திருப்போரில் பலர் விடுமுறை நாளில் மட்டுமே வெளியே எடுப்பார்கள். ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000 கிலோமீட்டர் உழைக்கும் டயரைப் போட்டால் அது தேய்ந்து தீர 30 ஆண்டுகள் வேண்டும். அத்தனை காலம் டயர் இருக்குமா? பட்டன் இருக்கும், டயர் இருக்காது.

காரணம் ரப்பரின் வேதியியலில் உள்ளது. ரப்பர் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அதில் இடையிடையே கார்பன் அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அந்த இடங்களைத்தான் தாக்கி அறுக்கிறது. பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுவது இதனால்தான். இதைத் தடுக்க மெழுகும் ஓசோன் எதிர்ப்பிகளும் ரப்பரில் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து படர்ந்து காக்கின்றன. ஓடாமல் நிற்கும் காரில் இந்த நெளிவு ஏது? ஆகவே கொட்டகையில் பத்திரமாக நிற்கும் டயருக்கு அந்தக் காப்பும் குறைகிறது. அதைவிடப் பொல்லாதது உள்ளே நடப்பது. அடைத்த காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல ஊடுருவி, எஃகுப் பட்டைகளுக்கு இடையேயுள்ள ரப்பரைக் கெட்டியாக்குகிறது. ஒரு நாள் வேகமும் வெயிலும் சேரும்போது பட்டைகள் பிரிந்துவிடலாம். வெளிப் பார்வைக்கு இதற்கு எந்த அடையாளமும் இருக்க வேண்டியதில்லை.

2013 நவம்பர் 30 அன்று அமெரிக்க நடிகர் பால் வாக்கர் கலிபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தார். முதற்காரணம் மிகை வேகம் என்றே புலனாய்வாளர் கூறினர். ஆயினும் அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுக்கு மேற்பட்டவை என்பதையும் அவர்கள் குறிப்பிடத் தவறவில்லை.

பட்டன் எவ்வளவு இருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் டயரைப் பயன்படுத்தாதீர்கள் என்கின்றன உற்பத்தியாளர் பலரின் குறிப்புகள். அப்படியானால் பழைய காருக்குக் கணக்கு மாறுகிறது. விலையைக் கிலோமீட்டரால் அல்ல, எஞ்சிய ஆண்டுகளால் வகுக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள். நெடுநாள் உழைக்கும் என்று இரட்டிப்பு விலை சொல்லும் டயர் உங்களுக்கு வீண். பாதி உழைப்புள்ள டயரே 30,000 கிலோமீட்டர் போகும், நீங்களோ பத்தாண்டில் 20,000 தான் ஓட்டுவீர்கள். அதே போல, கடையில் ஐந்தாண்டு கிடந்த டயரைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் அதில் லாபம் ஒன்றுமில்லை. பாதி ஆயுளைத்தான் பாதி விலைக்கு வாங்குகிறீர்கள். மாட்டும் கூலி இரண்டு முறை.

வயதை எப்படி அறிவது? பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். பட்டன் புத்தம் புதிதாயிருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து அளவு. டயரில் எழுதும் குறியீட்டைப் போல் விசித்திரமான எழுத்து வேறில்லை. 165/80 ஆர் 15 என்பதில் 165 அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில்! மூன்று அளவு முறைகள் ஒரே வரியில் கூட்டுக் குடித்தனம் செய்கின்றன. பீட்டிலின் பழைய டயரில் இருந்ததோ 5.60-15. அங்கே அகலமும் அங்குலம். உயரம் சொல்லப்படவே இல்லை.

இந்தக் குழப்பத்தில்தான் ஒரு தவறான யோசனை பிறக்கிறது. 195/65 ஆர் 15 இன்றைய கார்கள் பலவற்றில் உள்ள அளவு. எங்கும் கிடைக்கும், போட்டியால் விலையும் குறைவு. ரிம் 15 அங்குலம்தானே, அதையே போடுங்கள் என்பார்கள். மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் 165/80க்கு 645 மில்லிமீட்டர், 195/65க்கு 634.5. வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லை, வேகமானியும் ஏமாறாது. ஆனால் 195/65 டயருக்குக் குறைந்தது 5.5 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். பீட்டிலின் ரிம் அகலம் 4 அங்குலம், பிந்தைய வண்டிகளில் 4.5. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச் சுவர்கள் உள்நோக்கி மடங்கி, வளைவுகளில் டயர் தள்ளாடும். இந்த முக்கியமான செய்தியை அளவுக் குறியீடு சொல்வதே இல்லை. என் பார்வையில் அதன் பெருங்குறை இதுவே.

எங்கே சிக்கனம் செய்யலாம்? வேக எழுத்தில். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் 210, வி 240. சுமார் 120 கிலோமீட்டர் வேகம் போகும் பழைய பீட்டிலுக்கு வி எதற்கு? சுமைக்கும் கவலை இல்லை. எடை எண் 87 என்றால் ஒரு டயர் 545 கிலோகிராம் தாங்கும். முழுச் சுமையில் காரே ஏறத்தாழ 1,200 கிலோதான். அதில் அறுபது சதவீதம் பின்னால் என்றாலும் ஒரு பின்சக்கரத்துக்கு 360 கிலோவே வரும்.

இரண்டு டயர் மட்டும் இப்போது மாற்றுவோம் என்ற சிக்கனம் மட்டும் வேண்டாம், அதிலும் ரேடியலையும் பழைய கிராஸ்-பிளையையும் கலக்கும்போது. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்-பிளை என்று போட்டால் முன்சக்கரங்கள் சாலையை இறுகப் பற்ற, கனமான பின்புறம் வளைவில் வெளியே வீசும். பிரிட்டனில் இது சட்டப்படியே குற்றம். பீட்டிலைச் செய்தவர்கள் முன் டயருக்கு 16 பவுண்டு, பின் டயருக்கு 24 பவுண்டு காற்று போதும் என்று எழுதி வைத்ததும் முன்பிடிப்பைச் சற்றே குறைத்து வைக்கத்தான். நான்கிலும் ஒரே அளவாக 32 அடித்து அனுப்பும் காற்றுக்கடைக்காரருக்கு இது தெரிய நியாயமில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது டயரின் தேதியையும் பாருங்கள். பின்னாளைய பீட்டில்களில் முன்புறப் பெட்டிக்குள் இருக்கும் அந்த ஸ்டெப்னியின் காற்றழுத்தம்தான் முகப்புக் கண்ணாடி கழுவும் நீரைப் பீச்சுகிறது. எல்லாரும் அதன் காற்றைச் சோதிப்பார்கள். வயதை யாரும் பார்ப்பதில்லை.