கொட்டானைத் திருப்பிப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணம் என்றால் சாமான் பரப்புவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். பெண்ணுக்குக் கொடுக்கும் பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், பீங்கான் எல்லாவற்றையும் வளவில் வரிசை பிடித்து வைத்திருப்பார்கள். சொந்தபந்தம் சுற்றிவந்து பார்க்கும், விசாரிக்கும், எண்ணும். சிறுமியாக நான் அங்கே போன நாளிலிருந்து என் கண் தேடியது ஓலைக் கூடைகளான கொட்டான்களைத்தான். உள்ளங்கையில் அடங்குவது முதல் மடியில் வைத்தால் முகத்தை மறைப்பது வரை, ராணிக் கலரும் கிளிப்பச்சையும் ஊதாவுமாக அவை அடுக்கடுக்காக நிற்கும். பித்தளையைக் கடையில் வாங்கலாம். கொட்டானை அந்த வீட்டு ஆச்சிமார்கள் மத்தியான வேளையில் உட்கார்ந்து முடைந்தார்கள். சிலவற்றுக்கு மணி கோத்து உறை போட்டிருப்பார்கள். அந்த வரிசையில் கைவேலை என்று சொல்லத்தக்கது அதுதான்.

கொட்டானுக்கு உகந்தது பனங்குருத்து. முற்றிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் போகும். விரியாத இளங்குருத்துதான் வெளிறிய தந்த நிறத்தில், விரலுக்கு வளைந்து கொடுக்கும். அதையும் மரத்துக்கு மரம் அளவாகத்தான் வெட்ட வேண்டும். குருத்தையெல்லாம் எடுத்துவிட்டால் பனை பட்டுப்போகும். வெட்டிய குருத்தைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார வேண்டும். அளவுகோல் வைத்துக்கொண்டு வாருகிறவர்களை நான் பார்த்ததில்லை. கண்தான் அளவு. வாரிய ஓலையில் ஒரு பகுதியைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். மிச்சம் தன் நிறத்திலேயே இருக்கும். முடையும்போது ஓலை காய்ந்திருந்தால் மடிப்பில் ஒடியும். அதனால் ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் உருவி எடுப்பார்கள்.

முடைவது அடியிலிருந்து தொடங்கும். குறுக்கும் நெடுக்குமாக ஓலை வைத்து ஒரு சதுரம் பின்னுவார்கள். பிறகு நான்கு மூலைகளைத் தூக்குவார்கள். இந்த இடத்தில்தான் கொட்டானின் தலையெழுத்து தீர்மானமாகிறது. மூலை தூக்கியதும் அடியில் நேராக ஓடிய ஓலைகள் சுவரில் சாய்வாக ஏறத் தொடங்கும். ஏற ஏறச் சதுரம் கரைந்து, வாய்க்கு வரும்போது வட்டமாகியிருக்கும். ஒரு வெட்டு இல்லை, ஒரு ஒட்டு இல்லை, ஆணி இல்லை. எத்தனை முறை பார்த்தாலும், எந்தச் சுற்றில் சதுரம் வட்டமானது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடிந்ததில்லை. இந்தக் கலையில் நான் மயங்கிப்போன இடம் இதுதான். வண்ணக் கட்டங்களும் தற்செயலாக வருவதில்லை. எந்த ஓலை எங்கே மேலே வரும் என்று அடி போடும்போதே எண்ணி வைத்தாக வேண்டும். பாதியில் ஒன்று தப்பினால் பிரிக்க வேண்டியதுதான்.

அதனால் நல்ல கொட்டானைக் கண்டுபிடிக்க அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரிகிறதா? தரையில் வைத்தால் ஆடுகிறதா? நான்கு மூலையும் ஒரே உயரத்தில் எழுந்திருக்கின்றனவா? வாயில் மடித்துச் செருகிய நுனிகள் விரலைக் கீறுகின்றனவா? உள்பக்கம் இன்னொரு அடுக்கு ஓலை கொடுத்திருக்கிறார்களா? நிறம் எல்லாவற்றுக்கும் கடைசி. நிறத்தில் மயங்கி வாங்கிய கொட்டான்கள் என் வீட்டிலேயே மூன்று, மூலை பிய்ந்து கிடக்கின்றன.

ஆச்சிமார்கள் முடைவதை விட்ட பிறகு இந்த வேலை ஏறக்குறைய நின்றே போனது. விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பழைய கொட்டான்களைத் தேடி எடுத்து, சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரை கிடைத்தது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் வந்தது. வீட்டுச் சீராக இருந்தது, கிராமத்துப் பெண்ணின் சம்பாத்தியமாக மாறியது. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெண் ஒருத்தி பல வருஷங்களாகக் கொட்டான் முடைகிறாள். ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவந்தாள். நடுத்தர அளவுக் கொட்டானுக்கு அவளுக்கு வந்தது 250 ரூபாய். ஒரு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நானே சந்தையில கடை போடப் போறேன். மெட்ராசுல நாலு நாள். கூட ரெண்டு பேர் வர்றாங்க."

"என்ன விலைக்குக் கொடுப்ப?"

"முந்நூறு வைக்கலாமா?"

ஒரு கொட்டானுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. சோறு வடிக்க எழுந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, நடுநடுவே முடைகிறவளுக்கு மணிக்கணக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு எடுத்தாள். நடுத்தரத்துக்கு 8 மணி நேரம். ஓலை, சாயம் 70 ரூபாய். மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்தாலே 480. சந்தை வாடகையிலும் வண்டிச் செலவிலும் அதன் பங்கு 80. கூட்டினால் 630. அடுத்த சரக்குக்கு முதல் வேண்டுமே என்று 120 சேர்த்து 750 என்று எழுதினோம். அந்த எண்ணைப் பார்த்து அவள் பயந்துபோனாள். "யாரு வாங்குவா அத்தை?" என்றாள். இத்தனை நாள் அவள் தன் கூலியைத்தான் தள்ளுபடியாகக் கொடுத்துவந்திருக்கிறாள் என்பது அந்தக் கரிக்கோட்டில்தான் தெரிந்தது. கைவேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் இந்தக் கோட்டைப் போட வேண்டும். விலை மலிவாக இருந்தால்தான் விற்கும் என்ற பயத்தில் தொடங்கும் தொழில் இரண்டாம் சந்தைக்கு வராது.

அடுத்த கணக்கு, எத்தனை கொட்டான் எடுத்துப் போவது. சின்னது 60, நடுத்தரம் 40, பெரிது 12. சின்னதுக்கு 3 மணி, பெரியதுக்கு 20 மணி. மொத்தம் 740 மணி நேரம். மூன்று பெண்கள் நாளுக்கு நான்கு மணி உட்கார்ந்தால் 62 நாள். அதற்கு முன்னால் குருத்து வெட்டி, காய்ந்து, சாயம் ஏறியிருக்க வேண்டும். தை மாதச் சந்தைக்குப் புரட்டாசியிலேயே ஓலைக்குச் சொல்லி வைத்தோம். மழை பிடித்துக்கொண்டால் ஓலை காயாது. முதல் சந்தைக்கு மெட்ராசே போதும் என்று நான் சொன்னதற்கும் இந்த 740 மணிதான் காரணம். வடக்கே 1987 முதல் பிப்ரவரியில் நடக்கும் சூரஜ்குண்ட் கைவினை மேளாவும், 1994இல் தொடங்கிய தில்லி ஹாட்டும் இரண்டு வாரக் கணக்கு. அங்கே போக இன்னும் பல மடங்கு சரக்கு வேண்டும். கைவினைஞர் அடையாள அட்டை, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்தாள். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. அவளுக்கு எல்லாம் செய்ய ஆசை: கம்மல், பேனாக் கூடு, செல்போன் பை, சாவிக் கொத்து, சுவரில் மாட்டும் மயில். நான் கொட்டானோடு நில் என்றேன். மேசையில் இருபது வகை இருந்தால் எந்த வகையிலும் கை தேறாது. பார்க்கிறவருக்கும் இவள் எதில் கெட்டிக்காரி என்று புரியாது. ஓலையில் மற்ற ஊர்க்காரர்கள் மற்றதை அருமையாகச் செய்கிறார்கள். பழவேற்காட்டு இஸ்லாமியப் பெண்களின் ஓலைவேலையும் மணப்பாட்டுக்காரர்களின் ஓலைவேலையும் தனித்தனி அழகு. நம் கைக்கு வந்தது சதுரத்தை வட்டமாக்கும் இந்த வித்தை. மூன்று அளவு, நான்கு வண்ணச் சேர்க்கை, அதோடு நிறுத்தினோம். சாயமே போடாமல் வெறும் ஓலை நிறத்தில் சில முடைந்தாள். கட்டத்தின் வரி நிழலாக மட்டும் தெரியும் அந்தக் கொட்டான்களை நான் சின்ன வயதில் பார்த்ததில்லை. அவள் புதிதாகச் சேர்த்தது. பழசை நன்றாகக் கற்ற கைக்குத்தான் இப்படி ஒன்றைக் குறைக்கத் துணிவு வரும்.

ஒரு தவறும் நடந்தது. முதலில் முடைந்த ராணிக் கலர்க் கொட்டான்களில் ஒன்றின்மேல் ஈரக்கை வைத்தேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. சாயம் காய்ச்சியபோது அவசரப்பட்டு, சரியாக அலசாமல் விட்டிருக்கிறார்கள். பதினோரு நடுத்தரக் கொட்டான்கள். இவற்றை விற்றால் யாருடைய வெள்ளைப் புடவையிலோ கறை ஏறும். அவற்றை அவள் சரக்கில் சேர்க்கவில்லை. 88 மணி நேரத்தைத் தூக்கி ஓரத்தில் வைப்பதற்கு எத்தனை மனத்திடம் வேண்டும் என்பதை அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்தேன். அதற்குப் பிறகு சாயமேற்றிய ஒவ்வோர் ஓலைக் கட்டையும் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்த பிறகே முடைய எடுத்தார்கள்.

சந்தைக்குப் பத்து நாள் முன்னால் எங்கள் வீட்டு முகப்பில் ஆறடி மேசை போட்டு ஒத்திகை பார்த்தோம். இது ஒன்றும் எங்களுக்குப் புதிதில்லை, சாமான் பரப்புவதுதான். முதலில் அவள் எல்லாவற்றையும் கொட்டிக் குவித்தாள். குவியலைப் பார்த்தால் மலிவு என்ற நினைப்பு வரும். எடுத்துவிட்டு, சாயம் போடாத கைத்தறித் துணி விரித்து, பழைய மரப்பெட்டிகளைக் கொலுப்படி மாதிரி வைத்தோம். பெரியவை பின்னால் கண்ணுக்கு நேராக, சின்னவை முன்னால் கைக்கு எட்டும்படி. ஒவ்வொரு வண்ணத்திலும் இரண்டிரண்டு மட்டும் மேசையில், மற்றவை அடியில். கல்யாண வீட்டில் பார்த்தது போலவே, ஒரே வண்ணத்தில் சின்னதிலிருந்து பெரிதுவரை ஒரு வரிசை. அந்த வரிசையைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றிலும் விலைச்சீட்டு. விலை கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துபோகிறவர்கள் நிறைய. ராத்திரி மஞ்சள் விளக்கில் ஊதா கறுத்துப்போனதைப் பார்த்து, வெள்ளை விளக்கு ஒன்றும் எடுத்துவைத்தோம். கட்டும்போது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் துணிப்பையில் கட்டினோம். பிளாஸ்டிக்கில் வைத்தால் ஓலை வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

சந்தையில் முதல் நாள் காலை அவர்கள் மூவரும் கைகட்டி நின்றார்கள். வந்தவர்கள் ஒருவரும் நின்று பார்க்கவில்லை. பதினோரு மணிக்குமேல் அவள் தாங்கமாட்டாமல் கீழே உட்கார்ந்து, ஈரத்துணியைப் பிரித்து ஓர் அடி போடத் தொடங்கினாள். பத்து நிமிஷத்தில் கூட்டம். மூலை தூக்கும் இடத்தில் ஒரு சின்னப் பையன் "எப்படி நின்னுச்சு?" என்று கத்தினான். அவள் சிரித்துக்கொண்டே பிரித்து மறுபடியும் தூக்கிக் காட்டினாள். நான்கு நாளும் அந்த ஒரு கொட்டானையே முடைந்து பிரித்து முடைந்தாள். 750 ரூபாய் ஏன் என்பதற்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

பேரம் பேசியவர்கள் உண்டு. "பிளாஸ்டிக் கூடையே நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே" என்றார் ஒருவர். அவள் கோபப்படவில்லை. "எட்டு மணி நேரம் ஆகும் சார்" என்று மட்டும் சொன்னாள். விலையைக் குறைக்கவில்லை. சின்னதில் 52, நடுத்தரத்தில் 24, பெரியதில் 5 விற்றன. 112இல் 81. விற்காமல் திரும்பியதை எழுதிவைக்க ஒரு நோட்டும் கொண்டுபோயிருந்தாள். எதை எடுத்துப் பார்த்து வைத்தார்கள், என்ன கேட்டார்கள் என்று ராத்திரியில் எழுதுவாள். மூடி போட்ட கொட்டானை நிறையப் பேர் கேட்டார்களாம். பெரியதைப் பலரும் ரசித்தார்கள், வீட்டில் வைக்க இடமில்லை என்றார்கள். அடுத்த சந்தைக்கு மூடிக் கொட்டான் வரும், பெரியது ஆறு போதும்.

கடைசி நாள் ஒரு வயதான அம்மாள் வந்தார். எதுவும் பேசவில்லை. ஒரு நடுத்தரக் கொட்டானை எடுத்தார், கவிழ்த்தார், அடியைத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார். வாய் விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டினார். அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து அதையும் அப்படியே பார்த்தார். அவள் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தாள். "யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்று கேட்டு, நான்கு கொட்டான்களுக்கு முழு விலையைக் கொடுத்தார். விற்ற எண்பத்தொன்றில் அந்த நான்கைப் பற்றித்தான் அவள் ஊருக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

அடுத்த முறை கைவினைச் சந்தைக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். நிறத்தைப் பார்த்ததும் விலை கேட்காதீர்கள். கையில் எடுங்கள், கவிழ்த்து அடியைப் பாருங்கள், மூலையைத் தொடுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று முடைந்தவரிடம் கேளுங்கள். பிடித்திருந்தால் சீட்டில் இருக்கும் விலையைக் கொடுங்கள். வாங்கிய கொட்டானைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்காமல் வெற்றிலைக்கோ பலகாரத்துக்கோ எடுத்துப் புழங்குங்கள். நல்ல மூலை உள்ள கொட்டான் பல வருஷம் தாங்கும்.