சாமை ரவைப் பொட்டலம்

எங்கள் அம்மையார்குப்பம் தறிக்காரர் ஊர். வேலைக்கு நடுவே கிண்டி இறக்க உப்புமாதான் தோது. அதைச் சாமை ரவையில் செய்தால் குழையாது, உதிரியாக நிற்கும். நல்லெண்ணெய் தாராளமாக வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது.

இந்த ரவைக்குப் பின்னால் கொல்லிமலை இருக்கிறது. அங்கே மரவள்ளி பரவப் பரவ சாமை ஒதுங்கியது. விலை ஒரு காரணம். உரலில் குத்தும் பாடு இன்னொன்று. சாமை பொடிமணி, உமி இறுகப் பிடித்திருக்கும். குத்திக் குத்திப் பெண்களின் தோள்தான் தேயும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் இயந்திரம் கொண்டுவந்தது. மகளிர் குழுக்களுக்கு ரவை உடைக்கவும், மாவு, சத்துமாவு தயாரிக்கவும், பொட்டலம் கட்டி விற்கவும் பயிற்சி தந்தது. நுணுக்கம் தீட்டுவதில்தான். அதிகம் தீட்டினால் தவிடு போய்ச் சத்தும் போகும். தவிட்டை விட்டால் அதன் எண்ணெய் சீக்கிரம் சிக்கடிக்கும். அந்த இடைப்பதம் கையில் படிய நாளாகும்.

இப்படிப் பயிற்சி கேட்க எங்கள் மாவட்டத்திலும் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. 2020-இல் வந்த மத்திய அரசின் குறு உணவுத் தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம். பணம் சரி. தறி ஓட்டிய கை பதம் பிடிக்கத் தாமதிக்காது என்பது என் ஊர்ப் பெருமை.