எஞ்சினுக்குச் சுருதி கூட்டும் கணக்கு

மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டால் எஞ்சினின் திறன் கூடும் என்று நம்புகிறவர்கள் பலர். சிலிண்டரில் உள்ள துளைகளை அரத்தால் ராவிப் பெரிதாக்கினால் வண்டி பறக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. இவை எந்த அளவுக்கு உண்மை? இக்கேள்விக்குக் கணக்கின் துணைகொண்டு விடை கூற முற்பட்ட நூல் ஒன்று உண்டு. அமெரிக்க மோட்டார் சைக்கிள் இதழாளர் கார்டன் ஜென்னிங்ஸ் எழுதி, 1973இல் வெளிவந்த 'டூ-ஸ்ட்ரோக் டியூனர்ஸ் ஹேண்ட்புக்' என்பதே அது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய நூலை இப்போது எடுத்துப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை இன்றும் ஆசையோடு பேணி வருவோர் இருக்கின்றனர். அவற்றின் திறனைக் கூட்டுவதற்காக அரமும் கையுமாக இறங்கும் இளைஞர்களும் இருக்கின்றனர். அரத்தை எடுக்குமுன் அவர்கள் அறிய வேண்டிய பௌதிகம் இந்நூலில் இருக்கிறது. அந்தப் பௌதிகம் எங்கே தெளிவாக இருக்கிறது, எங்கே மறைந்து கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகள் கிடையா. சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. மெக்கானிக்குகள் இத்துளைகளைப் 'போர்ட்' என்பார்கள். பிஸ்டன் கீழிறங்கும்போது முதலில் வெளியேற்றுத் துளை திறக்கிறது. எரிந்த வாயு வெளியேறுகிறது. சற்றுப் பின்னர் வேறு துளைகள் திறக்க, கிராங்க் அறையிலிருந்து புதிய பெட்ரோல்-காற்றுக் கலவை சிலிண்டருக்குள் பாய்கிறது. பிஸ்டன் மேலேறும்போது எல்லாத் துளைகளும் மூடிக்கொள்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிதல் நிகழ்கிறது.

இத்தகைய எஞ்சினின் திறனை எளிதில் எழுதிவிடலாம். பிஸ்டன் மீதான சராசரிப் பயனுறு அழுத்தம், சிலிண்டரின் கொள்ளளவு, ஒரு நொடியில் நிகழும் சுற்றுகள் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனே திறன். ஆர்.எக்ஸ். 100 வண்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 98 கன சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன். கணக்கிட்டால் சராசரி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆறரை மடங்கு என்று கிடைக்கும். கொள்ளளவை மாற்றாமல் திறனைக் கூட்ட வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், அல்லது சுற்றுகளைக் கூட்ட வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

ஜென்னிங்ஸின் முதற் சிறப்பு, வாசகரை இந்த அடிப்படையிலிருந்தே தொடங்க வைப்பதுதான். சுற்றுகளைக் கூட்டினால் என்ன ஆகும்? பிஸ்டனின் முடுக்கம் சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆர்.எக்ஸ். 100 பிஸ்டனின் வீச்சு 50 மில்லிமீட்டர். 7,500 சுற்றில் மேல்முனையில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 2,000 மடங்கு. 10,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் அது சுமார் 3,500 மடங்காகிவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. விசையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது! இந்நிலையில் பிஸ்டன் வளையம் தன் பள்ளத்தின் அடியை விட்டு எழும்பித் துடிக்கத் தொடங்கலாம். அப்போது எரிவாயு கசிந்து, பிஸ்டன் சூடேறிப் பாழாகும். இதை நூல் விரிவாக எச்சரிக்கிறது.

இரண்டாவது சிறப்பு, துளைகளைப் பற்றிய விளக்கம். துளையின் பரப்பை மட்டும் பார்க்கக் கூடாது. அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார் ஆசிரியர். ஒரு துளை 120 பாகை திறந்திருப்பதாகக் கொள்ளுங்கள். 7,500 சுற்றில் இது ஒரு நொடியின் ஆயிரத்தில் 2.67 பங்கு நேரம். 10,000 சுற்றில் அதே 120 பாகை 2 பங்காகக் குறுகிவிடும். பழைய நேரத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் 160 பாகை திறக்க வேண்டும். துளையை அகலப்படுத்தியும் ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் வளையம் துளைக்குள் சிக்காதிருக்க, அகலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. துளையை உயர்த்தினாலோ எரிவாயு பிஸ்டனைத் தள்ளும் தூரம் குறையும்; குறைந்த வேகத்தில் வண்டி இழுக்காது. ராவிப் பெரிதாக்குவது எப்போதும் ஆதாயம் என்னும் நம்பிக்கை இங்கே தகர்கிறது. மேலே கிடைத்தது கீழே பறிபோகிறது.

நூலின் உயிர்நாடி சைலன்சர்க் குழாயைப் பற்றிய அத்தியாயம். வெளியேற்றுத் துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. விரிந்து செல்லும் கூம்பில் அது எதிர்க்குறியுடன் மீண்டு வந்து, சிலிண்டரிலுள்ள எரிந்த வாயுவை உறிஞ்சுகிறது. புதிய கலவையில் ஒரு பகுதியும் அதனுடன் வெளியே வந்துவிடும். குழாயின் கோடியில் உள்ள குறுகும் கூம்பில் மோதிய அலையோ அழுத்தமாகவே மீண்டு வந்து, தப்பியோடிய கலவையைத் துளை மூடுவதற்குள் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. திறந்த முனை, மூடிய முனை ஆகியவற்றில் அலை எப்படி மீளும் என்று ஒத்திசைவுக் குழாய்ச் சோதனையில் படித்திருப்பீர்களே, அதேதான் இது. பல டூ-ஸ்ட்ரோக் சைலன்சர்களுக்குள் இந்தக் கூம்புகள் அடங்கியிருக்கின்றன. அதைக் கழற்றி எறிகிறவர் ஓசையைக் கூட்டிக்கொள்கிறார். திறனைக் கழற்றி எறிகிறார்.

இக்கலையை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலைப் பொறியாளர் வால்ட்டர் காடன். 1961இல் அவருடைய 125 கன சென்டிமீட்டர் பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. அதாவது லிட்டருக்கு 200. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்று ஜப்பானின் சுசூகி நிறுவனத்தில் சேர்ந்தார். 1962இல் சுசூகிக்காக 50 கன சென்டிமீட்டர் உலகப் பட்டத்தையும் வென்றார். தொழிற்சாலைகள் பொத்திப் பாதுகாத்த இத்தகைய அறிவைக் காகிதமும் பென்சிலும் வைத்திருக்கும் எவருக்கும் எட்டும்படி செய்தது ஜென்னிங்ஸின் தொண்டு.

இனிக் குறைகளுக்கு வருவோம். குழாயின் நீளத்துக்கு நூல் தரும் வாய்பாடு மிக எளியது. துளை திறந்திருக்கும் பாகையை அலையின் வேகத்தால் பெருக்கி, நிமிடச் சுற்றுகளால் வகுத்தால் நீளம் கிடைத்துவிடும். அலையின் வேகம் நொடிக்கு 1,700 அடி. துளை 180 பாகை திறந்து, சுற்று 7,500 ஆனால் விடை 40.8 அங்குலம். வேகம் அடியில், நீளம் அங்குலத்தில்! நொடி எங்கே, நிமிடம் எங்கே, அலை போய்வரும் இருமடங்குத் தூரம் எங்கே? நிமிடத்தையும் பாகையையும் நொடியாக்கும்போது பகுதியில் 6 வருகிறது. போய்வரும் தூரத்தால் 2 வருகிறது. இரண்டும் சேர்ந்த 12, ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதோடு அடிபட்டுப் போகிறது. வாய்பாடு அழகாகச் சுருங்கிவிட்டது; ஆனால் காரணம் மறைந்துவிட்டது. மீட்டரில் பழகிய நம் மாணவர் நொடிக்கு 518 மீட்டர் என்று இட்டால் 12.4 என்று வரும். அது மீட்டரும் அன்று, சென்டிமீட்டரும் அன்று. 12ஆல் வகுத்தால்தான் சரியான விடையாகிய 1.04 மீட்டர் கிடைக்கும். பரிமாணச் சோதனையில் தேறாத வாய்பாட்டை மாணவர் கையில் தரலாகாது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. 1,700 அடி என்பது மாறிலி அன்று. ஒலியின் வேகம் தனி வெப்பநிலையின் இருமடி மூலத்துக்கு ஏற்ப மாறும். காற்றுக்குரிய கணக்கையே எடுத்துக்கொண்டால், நொடிக்கு 518 மீட்டர் என்பது ஏறத்தாழ 395 டிகிரி செல்சியசுக்குப் பொருந்தும். குழாயின் சராசரி வெப்பநிலை 300 டிகிரி ஆனால் வேகம் 480 மீட்டர். 500 டிகிரி ஆனால் 557 மீட்டர். 7,500 சுற்றுக்கென்று செய்த அதே குழாய் முதல் நிலையில் சுமார் 6,950 சுற்றிலும், இரண்டாம் நிலையில் சுமார் 8,060 சுற்றிலும் ஒத்திசையும். ஆயிரம் சுற்றுக்கு மேல் வேறுபாடு! மேலும், குழாயில் ஓடுவது மெல்லிய ஒலியலை அன்று, வலிய அழுத்த அலை. அதன் வேகம் அழுத்தத்தையும் பொறுத்தது. பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கார்டன் பிளேர் 1990இல் வெளியிட்ட நூலில் இவ்வலைகளைக் கணிப்பொறியால் படிப்படியாகத் தொடரும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. அந்த வசதியைச் சாதாரண வாசகர் பெற்றிராத 1973இல் எளிய வாய்பாடு தந்ததைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் இன்று அதை முடிவான விடையாகக் கொள்ளாமல், முதல் மதிப்பீடாக மட்டுமே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நூலின் அளவுகோல் குதிரைத்திறன் ஒன்றே. கார்புரேட்டர் பொருத்திய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புதிய கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. குழாயின் அலை அதைத் திருப்பித் தள்ளுவது, ஒத்திசையும் சுற்று வேகத்தை ஒட்டித்தான். நகரச் சாலையில் அதற்குக் கீழே ஓடும்போது பெட்ரோலும் போகிறது, காற்றும் கெடுகிறது. அதிகச் சுற்றுக்கென்று சுருதி கூட்டிய எஞ்சினில் இந்த இழப்பு மேலும் கூடும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைச் சாலையிலிருந்து விலக்கியது திறன் குறைவு அன்று, இந்தப் புகைதான். பந்தயக் களத்திலும் 125 கன சென்டிமீட்டர் பிரிவு 2011ஆம் ஆண்டோடு முடிந்து, 2012இல் நான்கு வீச்சு எஞ்சின்களுக்கு இடம்விட்டது.

அப்படியானால் இந்நூலைப் படிக்கலாமா? கட்டாயம் படிக்கலாம். சமையல் குறிப்புப் போலப் பின்பற்றலாமா என்றால், கூடாது. ஒவ்வொரு வாய்பாட்டையும் மீட்டர் அளவையில் நீங்களே ஒருமுறை வருவித்துப் பாருங்கள். எந்த எண் மாறிலி, எந்த எண் ஊகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டரிலிருந்து ராவி எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. காகிதத்தில் போட்ட தப்புக் கணக்கை அழித்துவிடலாம். சாலையில் ஓடும் வண்டியை அதன் மூல அமைப்பினின்று மாறுபடும்படி திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பாடநூலில் தனித்தனியே கிடக்கும் அலையும் முடுக்கமும் வெப்பமும் ஒரே சிலிண்டருக்குள் கூடி வேலை செய்வதைக் காண விரும்பும் மாணவருக்கு, குறைகளோடும் கூட இது நல்ல நூலே.