ஒட்டுப் போடுகிற கையும் உரிமை கொண்டாடுகிற வாயும்

'ஜுகாட்' என்ற இந்திச் சொல் இன்று மேலாண்மைக் கல்லூரிப் பாடமாகிவிட்டது. தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினைக் கழற்றி வண்டியில் பூட்டி ஓட்டுகிறார்களே, வடநாட்டுக் கிராமங்களில் அந்த வண்டிக்குப் பெயர் ஜுகாட். கையில் கிடைத்ததை வைத்து வேலையை ஒப்பேற்றுவது என்று பொருள். 2012-இல் நவி ராஜூ, ஜெய்தீப் பிரபு, சிமோன் அஹுஜா மூவரும் 'ஜுகாட் இன்னொவேஷன்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார்கள். ஏழை நாடுகளின் சிக்கன புத்தியை மேற்கத்திய நிறுவனங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் வாதம். மூவரில் ராஜூ புதுச்சேரியில் பிறந்தவர். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடுகிற ஊர். ஆகவே இந்தப் புகழ்ச்சியை விழுப்புரம், திண்டிவனம் கயனிகளில் வைத்து வாசித்துப் பார்ப்பது பொருத்தமாகவே இருக்கும்.

புத்தகம் முன்னிறுத்துகிற ஆட்களில் முதன்மையானவர் குஜராத்தின் மன்சுக்பாய் பிரஜாபதி. கரண்ட் இல்லாமல் காய்கறியைக் குளுமையாக வைத்திருக்கும் மண் பெட்டியைச் செய்தவர், குயவர் குடும்பத்தில் பிறந்தவர். மண்ணின் பதம் அறிந்த அந்தக் கை தலைமுறை தலைமுறையாகச் சாதி கட்டிப்போட்ட கை. மேலாண்மை எழுத்துக்கு இது ஒரு தனிமனிதர் வென்ற கதை. நமக்கோ இங்கேதான் கேள்வியே தொடங்குகிறது.

கல்விப்புலத்தில் இதற்கு இன்னொரு அழகான பெயர் உண்டு. 1962-இல் வெளிவந்த நூலொன்றில் லெவி-ஸ்ட்ராஸ் 'பிரிகொலர்' என்றொரு உருவத்தைப் படைத்தார். பொறியாளன் தேவைக்கேற்பப் பொருளைத் தேடுவான். பிரிகொலர் கைக்கு எட்டியதை வைத்துக் காரியம் செய்வான். தமிழ்ச் சிறுபத்திரிகைகளும் இந்தச் சொல்லை ஆசையாகப் புழங்கியதுண்டு. ஆனால் யார் கைக்கு எது எட்டும் என்று முடிவு செய்வது யார்? ஊர்க்காரன் கைக்கு எட்டுவது பேங்க் கடன், பட்டா, மெக்கானிக் கடை. சேரிக்காரன் கைக்கு எட்டுவது பனை நார், கிழிஞ்ச சைக்கிள் டியூப், சாணி. 'கைக்கு எட்டியது' என்பதை இயற்கை போலப் பேசுகிற கோட்பாடு, எட்டாமல் வைத்த சமூகத்தை மறைத்துவிடுகிறது.

மோட்டார் கொட்டாயிலிருந்தே பார்ப்போம். கிணத்துல பம்பு தண்ணி எடுக்கலன்னா முதல்ல சந்தேகம் புட்வால்வு மேலதான். அடியில் இருக்கிற தோல் வாஷர் தேய்ந்து தண்ணீர் இறங்கிவிடும், பைப்பில் காற்று நிற்கும், மோட்டார் சும்மா சுத்தும். உடனே சாணியைக் கரைத்து மேலேயிருந்து ஊற்றுவார்கள். சாணியில் இருக்கிற நார்த் துணுக்கு வால்வின் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். பைப்பில் தண்ணீர் நின்று பம்பு பிடித்துக்கொள்ளும். வாஷர் கிழிந்தே போயிருந்தால் பழைய செருப்பிலிருந்து ஒரு வட்டம் அறுத்து மாட்டுவார்கள். மூணு பேஸில் ஒன்று போய்விட்டால் கண்டன்சர் வைத்து ரெண்டு பேஸில் ஓட்டுவார்கள். காயில் சூடேறுகிற வாசனையை மூக்கால் அறிந்து எப்போது நிறுத்துவது என்று சொல்கிறவர்கள் உண்டு. மண்வெட்டிக் காம்பு ஆடினால் ஆப்பு. லாரிப் பட்டையை அடித்து அரிவாள். இதெல்லாம் அறிவு இல்லையா என்றால், அறிவுதான். அதை மறுக்கிறவனோடு நமக்குப் பேச்சே இல்லை. தகராறு இதற்கு அடுத்த இடத்தில் வருகிறது. புட்வால்வில் சருகு அடைத்தால் கிணற்றுக்குள் முங்கி எடுப்பது யார்?

"டேய், எறங்கிப் பாருடா."

"சரிங்க ஆண்ட."

அந்தக் கிணற்றில் சேரிப் பிள்ளைகள் குளித்தால் அடி விழுந்த காலத்திலும் இந்த முங்கலுக்குத் தீட்டு கிடையாது. ரிப்பேருக்கு இறங்கினால் தீட்டு இல்லை, குளிக்க இறங்கினால் தீட்டு. தீட்டு என்பது உடம்பில் ஒட்டியிருக்கிற ஒன்று அல்ல, உரிமையின் மீது போட்ட வேலி என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது.

இது பம்புசெட்டோடு வந்த புதுப் பழக்கமும் இல்லை. கவலை ஓட்டின காலத்தில் சாலின் அடியில் தைத்த தோல் வாலு வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, பதப்படுத்தி, தைத்து, கிழிந்தால் ஒட்டுப் போட்டுக் கொடுத்தது தீண்டப்படாத கை. அந்தத் தோலில் ஏறின தண்ணியில்தான் ஊரே நெல்லு விளைத்தது. அதே கை குடிக்கத் தண்ணி சேந்த அந்தக் கிணற்றில் குடத்தை விட முடியாது. கவலையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் மாட்டின் கழுத்து மணியை எழுதுகிறார்கள், இறைவைப் பாட்டை எழுதுகிறார்கள். தைத்த ஊசியை எழுதுவது கிடையாது.

விதிவிலக்காக 1979-இல் வந்த பூமணியின் 'பிறகு' நாவலைச் சொல்லலாம். அது கரிசல் பக்கத்துக் கதை, நம்ம செம்மண் கொல்லி அல்ல. அதன் மையத்தில் அழகிரி என்கிற சக்கிலியர் இருக்கிறார். தோல் வேலை அங்கே கிராமிய அழகுக்காக வைத்த காட்சி அல்ல. ஒரு மனிதன் ஊரோடு கட்டப்பட்டிருக்கிற கயிறே அதுதான். தமிழ் நாவலில் விவசாயம் என்றால் நிலம் வைத்திருப்பவனின் துயரம் என்றிருந்த நிலையில், விவசாயத்தை ஓடவைத்த கையின் பக்கமிருந்து கிராமத்தைப் பார்க்கவைத்தது அந்தப் புத்தகம். ஒட்டுப் போடுவதன் இலக்கியம் என்று ஒன்று இருந்தால் அது அங்கேயிருந்துதான் தொடங்கும்.

வீட்டில் செய்த கருவிக்கு உடம்பு கொடுக்கிற விலையை ஜுகாட் கணக்கு சேர்த்துக்கொள்வதில்லை. வட மாவட்டங்களில் இருளர்கள் வரப்பு எலி பிடிக்கிற முறையைப் பாருங்கள். மண் சட்டியின் அடியில் ஓட்டை போட்டு, உள்ளே வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, சட்டி வாயை எலி வளையில் பொருத்தி, ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார்கள். புகை வளைக்குள் போகும், எலி மயங்கும். காசு செலவில்லாத, நெல்லைக் காப்பாற்றுகிற கருவி. ஆனால் உதடு வேகும், புகை நெஞ்சுக்குள் இறங்கும். நிலக்காரனுக்கு வரப்பு மிஞ்சும், இருளருக்கு எலியும் வளைக்குள் சேர்ந்த நெல்லும் இருமலும் மிஞ்சும். இதைப் போட்டோ பிடித்து 'மரபு அறிவு' என்று தலைப்புப் போடுவதற்கு முன்னால், அந்த நெஞ்சில் காது வைத்துக் கேட்க வேண்டாமா?

கிணற்றுச் சாவுகள் இன்னும் கொடுமை. மேலே நிற்கிற பம்பு சுமார் 25 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை உறிஞ்ச முடியாது. காற்றழுத்தத்தின் எல்லை அது. நீர்மட்டம் இறங்க இறங்க எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினார்கள். அதுவும் ஓர் உள்ளூர் உபாயந்தான். எஞ்சின் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு கிணற்றுக்குள்ளேயே தங்கிவிடும். நிறமில்லை, வாசனையில்லை. இறங்குவதற்கு முன்னால் விளக்கை இறக்கிப் பார்க்கிற வழக்கம் உண்டு, விளக்கு அணைந்தால் காற்றில்லை என்று அர்த்தம். ஆனால் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இறங்கினவன் விழுவான், அவனைத் தூக்க இறங்கினவனும் விழுவான். கழிவுநீர்த் தொட்டிச் சாவுக்கு 2013-இல் சட்டம் வந்தது. 2014-இல் 10 லட்சம், 2023-இல் 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் இழப்பீடு சொன்னது. அதுவும் போராடிப் பெற்றதுதான். கயனிக் கிணறு அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. அங்கே செத்தால் 'தவறி விழுந்தான்'.

அடுத்தது நிலம். 2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சி பிரியாத பழைய விழுப்புரம் மாவட்ட மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் பட்டியல் சாதியினர். ஊர் ஊராக நடந்து பார்த்தால் நிலம் அந்தக் கணக்கில் இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. அந்த நிலம் எப்படி எப்படியோ கைமாறிப் போனது. அதை மீட்க நடந்த காரணைப் போராட்டத்தில் 1994-இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். பட்டா இல்லாதவனுக்குப் பம்புசெட் இணைப்பு இல்லை, இணைப்பு இல்லாதவனுக்கு இலவச மின்சாரமும் இல்லை. அவன் பக்கத்துக் கிணற்றுக்காரனிடம் தண்ணிக்கு நிற்க வேண்டும், விளைச்சலில் பங்கு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குடத்தில் சுமக்க வேண்டும். இந்தச் சுமையை 'சிக்கனப் பாசனம்' என்று எழுதுகிறவனை என்ன செய்வது?

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொந்த அரை ஏக்கரில் மல்லாட்ட போட்டவன் தன் மோட்டாருக்குத் தானே ஒட்டுப் போடுவதும், ஆண்டையின் மோட்டாருக்கு அதே ஆள் ஒட்டுப் போடுவதும் ஒரே வேலை அல்ல. டியூபும் கம்பியும் ஒன்றுதான், உறவு வேறு. முதலாவதில் ஒட்டுப் போடுகிறவன் தன்னைத் தாங்கிக்கொள்கிறான். இரண்டாவதில் தன்னை அழுத்துகிற அமைப்பைத் தாங்குகிறான். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று 1936-இல் அம்பேத்கர் விளக்கினார். ஜுகாட் புகழ்ச்சிக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

மதுரை சேவா அமைப்பு தேனீ வலையமைப்பின் தமிழ் முகமாக 'நம் வழி வேளாண்மை' இதழை நடத்தியது. அறிவைச் சொன்னவரின் பேரையும் ஊரையும் போட்டு அச்சிடுவது அந்த வலையமைப்பின் கொள்கை. எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிற ஆராய்ச்சிக்கு நடுவே இது நேர்மையான காரியம். அதிலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 'விவசாயி' என்ற சொல்லுக்குள் படியாள் இருக்கிறானா? களையெடுக்கிற பெண் இருக்கிறாளா? திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்து வேர்க்கடலைகள் டி.எம்.வி. என்று ஊர்ப்பேரைத் தாங்கி நாடெங்கும் போயின. விதைக்கடலை நசுங்காமல் ஒவ்வொன்றாக உடைத்த விரலுக்கு எந்த ரகத்திலும் பேர் இல்லை.

நம்ம பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். 1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம்மில் பலருக்குச் சங்கடமாக இருந்தது. சேரிக்கே துணி வெளுக்கிற ஆரோக்கியத்தின் உழைப்பைச் சேரி எப்படி வாங்கிக்கொண்டது என்று அது காட்டியது. ஊர் நம்மிடம் செய்ததை நாம் நமக்குக் கீழே வைத்தவர்களிடம் செய்திருக்கிறோம். புதிரை வண்ணாரையும் இருளரையும் விட்டுவிட்டு எழுதுகிற தலித் விமர்சனம் அரை விமர்சனந்தான்.

எனவே விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு ஏர் சேகரிக்கிற வேலை அல்ல. உங்க தாத்தாவிடம், அம்மாவிடம், பக்கத்துத் தெரு இருளர் பெரியவரிடம் கேளுங்கள். எந்தக் கருவி, எப்படிச் சரி பண்ணீங்க, யாருடைய கருவி, என்ன கூலி கொடுத்தாங்க, எங்க காயம் பட்டுது, அந்தக் கிணத்துல தண்ணி குடிக்க விட்டாங்களா? இந்த ஆறு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் அது சாட்சியம். முதல் இரண்டை மட்டும் கேட்டால் அது ஜுகாட் புத்தகத்துக்கு இன்னொரு அத்தியாயம்.