வலை தைக்கும் கைகளைப் பாருங்கள்

கல்லூரி மாணவர்கள் எடுத்த செய்தித் தொகுப்பு ஒன்று பார்க்கக் கிடைத்தால், முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பேட்டி தருபவரின் முகத்தையும் மைக்கோடு நிற்கும் செய்தியாளரையும் கணக்கில் எடுக்காதீர்கள். மிச்சமுள்ள படங்கள் மட்டும் ஏதாவது சொல்கின்றனவா? விஷுவல்ஸ் என்றும் பி-ரோல் என்றும் தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லும் இந்தத் துணைக்காட்சிகளில்தான், எடுத்தவர் களத்தில் பொறுமையாக நின்றாரா, பைட் எனப்படும் பேட்டித் துணுக்கை வாங்கியதும் கிளம்பிவிட்டாரா என்பது தெரியும்.

சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ‘வருமானம் இல்லாமல் தவிக்கிறார்கள்’ என்று பின்னணிக் குரல் சொல்லும்போது திரையில் என்ன ஓடுகிறது? ட்ரோனில் எடுத்த கடலும் ஸ்லோ மோஷனில் உடையும் அலையும் என்றால், அவை எந்தச் செய்திக்கும் பொருந்தும். ஆகவே இந்தச் செய்திக்குப் பொருந்தாது. காலியாகக் கவிழ்த்து வைத்த ஐஸ் பெட்டி, நெருக்கியடித்து நிற்கும் படகுகள், வேலை நாளில் வெறிச்சோடிய ஏலக்கூடம் ஆகியவை வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். குரல் சொல்லாத ஒன்றைப் படம் சொல்கிறது.

தடைக்காலத்தில் கரையில் வலை பழுதுபார்ப்பார்கள். நல்ல மாணவர் அதை ஒரே ஷாட்டில் முடித்துவிட மாட்டார். முடிச்சுப் போடும் விரல்கள், குனிந்த முகம், தோளுக்குப் பின்னாலிருந்து தெரியும் வலை, பிறகு அகன்ற ஷாட்டில் மொத்தத் துறைமுகம். கையிலிருப்பது ஒரே கேமரா. நாலு கோணமும் ஒரே நிமிடத்தில் நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. வலை தைப்பவரின் கை திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்வதால்தான் இது சாத்தியம். அந்த அசைவு மறுபடி வரும்வரை ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். எனக்கு இந்த வகைப் படங்களில் மிகப் பிடித்தது இந்தக் காத்திருப்புதான்.

இப்போது ஒலியைக் கூட்டுங்கள். படகில் சுத்தியல் விழும் ஓசை முதலில் வந்து, படகு பிறகு தெரிகிறதா? எடிட் மேசையில் யோசித்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் சோக இசையை ஊற்றியிருந்தால், களத்து ஒலியைப் பதிவு செய்ய மறந்திருக்கலாம்.

பேட்டியின் நடுவே பேசுபவரின் கைக்கோ பக்கத்து நாற்காலிக்கோ படம் தாவினால், பெரும்பாலும் அங்கே பேச்சு வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அது குற்றமில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் தாவிய படம் பேச்சுக்கு ஏதாவது சேர்க்கிறதா, ஒட்டிய இடத்தை மறைக்க மட்டும் வந்ததா என்று பாருங்கள்.

இதைவிட நுட்பமான சங்கதி ஒன்று. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி என்று வெவ்வேறு படங்களுக்கு அருகில் வைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டார்களாம். படகு உரிமையாளர் ஒருவர் சும்மா கடலைப் பார்க்கும் முகத்தை, கடன் பத்திரத்தின் குளோசப்புக்கு அடுத்து வைத்தால் அவர் கடனாளியாகிவிடுவார். அந்தப் பத்திரம் அவருடையதுதானா என்பதைச் செய்தி சொல்லியாக வேண்டும். அதே போல, மே மாதச் செய்தியில் துள்ளும் வஞ்சிரமும் ஏலக் கூச்சலும் வந்தால் திரையின் மூலையைப் பாருங்கள். ‘கோப்புக் காட்சி’ என்று எழுதியிருந்தால் அந்த மாணவரை நம்பலாம். எழுதாமல் விட்டிருந்தால், மற்ற ஷாட்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அந்தத் தொகுப்புக்கு மதிப்பெண் தர மாட்டேன்.