தாவலைத் தடுத்த சட்டம், தலைமைக்குத் தந்த சாட்டை

1967-இல் ஹரியானா சட்டமன்ற உறுப்பினர் கயா லால் இரண்டே வாரத்தில் மூன்று முறை அணி மாறினார். ‘ஆயாராம், கயாராம்’ என்ற கேலிச்சொல் அப்போது பிறந்ததுதான். பல மாநிலங்களில் ஆட்சிகள் கவிழ்ந்தன. அமைச்சர் பதவி பேரப்பொருளானது. இந்த நோய்க்கு மருந்தாகத்தான் 1985-இல், ராஜீவ் காந்தி ஆட்சியில், 52-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழியே கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது.

அதன் நன்மையை மறுக்க முடியாது. ஒரு சின்னத்தில் வாக்கு வாங்கியவர் மறுநாளே எதிரணியில் அமர்வது வாக்காளருக்குச் செய்யும் துரோகம். அதற்குப் பதவியிழப்பு என்ற விலையை இச்சட்டம் வைத்தது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தண்டனையில்லை என்ற ஓட்டையை 2003-இல் 91-ஆவது திருத்தம் அடைத்தது. அமைச்சர்களின் எண்ணிக்கை அவையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் அதே திருத்தம் வரம்பு கட்டியது.

ஆனால் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து போனால் அதை இணைப்பு என்று இச்சட்டம் ஏற்கிறது. ஒருவர் போனால் குற்றம், கூட்டமாகப் போனால் உரிமை என்பது என்ன நியாயம்? பதவியை ராஜினாமா செய்துவிட்டு மறுபக்கச் சின்னத்தில் இடைத்தேர்தலில் நிற்கும் வழியும் திறந்தே கிடக்கிறது. 2019-இல் கர்நாடகக் கூட்டணி அரசு அப்படித்தான் வீழ்ந்தது.

இதைவிடப் பெரிய பழுது தகுதிநீக்க அதிகாரம் பேரவைத் தலைவரிடம் இருப்பது. அவரும் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரரே. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த 11 அதிமுக உறுப்பினர்கள் பதவியில் நீடித்தார்கள். முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் அதே ஆண்டு செப்டம்பரில் பதவியிழந்தார்கள். அந்த 18 தொகுதிகளும் 2019 இடைத்தேர்தல்வரை உறுப்பினரின்றிக் கிடந்தன. பேரவைத் தலைவர் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், இதற்குத் தனித் தீர்ப்பாயம் அமைப்பது பற்றி நாடாளுமன்றம் சிந்திக்க வேண்டும் என்று 2020-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதிகாரத்தின் இயல்பே மாறிப்போனதுதான் மூன்றாவது பழுது. கொறடாவின் உத்தரவை மீறி எந்த மசோதாவில் வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி பறிபோகலாம். தொகுதியைப் பாதிக்கும் மசோதாவாக இருந்தாலும் உறுப்பினர் தலைமை சொன்னபடியே கை தூக்க வேண்டும். பிரிட்டனில் கொறடாவை மீறுபவர் கட்சியிலிருந்து விலக்கப்படலாம். ஆனால் உறுப்பினர் பதவி போகாது. அங்கே 1990-இல் பிரதமர் தாட்சரையும் 2022-இல் பிரதமர் போரிஸ் ஜான்சனையும் பதவி விலக வைத்தவர்கள் அவர்களுடைய கட்சி உறுப்பினர்களே. தன் கட்சியினரிடம் நாள்தோறும் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டிய தலைவர் அவர்கள் சொல்வதைக் கேட்கிறார். சட்டத்தால் கட்டிவைக்கப்பட்ட கூட்டத்தின் தலைவருக்கு அந்த அவசியமே இல்லை.

ஆனாலும் சட்டத்தை ஒழிப்பது தீர்வாகாது. அதன் எல்லையைக் குறுக்க வேண்டும். கொறடா உத்தரவின் பிணைப்பு, ஆட்சியின் உயிரோடு தொடர்புள்ள நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாக்களுக்கும் மட்டும் இருக்கட்டும். தகுதிநீக்கத்தைச் சார்பற்ற தீர்ப்பாயம் காலவரம்புக்குள் முடிவு செய்யட்டும். மற்ற மசோதாக்களில் உறுப்பினர் தன் மனச்சாட்சிப்படி வாக்களிக்க வேண்டும். அதற்கான பதிலைத் தலைமையிடம் அல்ல, தன் தொகுதி மக்களிடம் சொல்ல வேண்டும்.